படுக்கையில் இருக்கும் பெற்றோரும் நமது அமானிதமும்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தவர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

வெள்ளிக்கிழமை தோறும் நம்மில் பலர் ஸூரா அல்-கஹ்ஃபை ஓதி வருகின்றோம். குகைவாசிகளின் வரலாறு நமக்குப் பழக்கமானது. ஈமானைக் காத்துக்கொள்ள ஊரைத் துறந்து சென்ற அந்த இளைஞர்கள் குகையினுள் உறங்கிய காலம் முந்நூறும், மேலதிகமாக ஒன்பதும் ஆண்டுகள் என்று அந்த ஸூராவின் 25ஆவது வசனம் குறிப்பிடுகின்றது. அதே ஸூராவின் 18ஆவது வசனத்தில், உறக்கத்தில் இருந்த அவர்களைத் தான் வலப்புறமாகவும் இடப்புறமாகவும் புரட்டி வந்ததாக அல்லாஹு தஆலா கூறுகின்றான். அவ்வாறு புரட்டப்படாதிருந்தால் மண் அவர்களது உடலைத் தின்றிருக்கும் என்ற கருத்து, இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் சொன்னதாகத் தஃப்ஸீர் நூல்களில் பதிவாகியுள்ளது.

அல்-குர்ஆனை ஒரு மருத்துவ நூலாக்கிக் காட்டுவது எனது நோக்கமன்று. அல்லாஹ் நாடியிருந்தால் அவர்களைப் புரட்டாமலேயே பாதுகாத்திருப்பான். ஆயினும் அவன் புரட்டினான். அதனை நமக்கு எடுத்தும் சொன்னான். அசைய இயலாத ஓர் உடலுக்கு என்ன தேவை என்பதை அந்த வசனத்தை ஓதும் நாம் சிந்திக்க வேண்டாமா? அதனை ஓதிக்கொண்டே சிந்திக்கத் தவறிய ஒருவனைப் பற்றி முதலில் சொல்கின்றேன். அவன் வேறு யாருமல்லன், நானேதான்.

என் வாப்பா பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்டு ஏழு மாதங்கள் படுக்கையில் இருந்தார். தொழில் நிமித்தம் நான் வேறோர் ஊரில் இருந்தேன். வாரத்துக்கு ஒரு முறை வருவேன். தலைமாட்டில் அமர்ந்து யாஸீன் ஓதுவேன். நெற்றியில் முத்தமிடுவேன். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கொடுப்பேன். கடமை நிறைவேறியது என்ற திருப்தியுடன் திரும்பிச் செல்வேன். ஒரு நாளாவது போர்வையை விலக்கி அவரது முதுகைப் பார்த்தவனல்லன். வாப்பா வபாத்தான அன்று, குளிப்பாட்டுவதற்காக அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது, முள்ளந்தண்டின் அடியில் தேநீர்க் கோப்பையின் வாயளவு ஆழமான ஒரு புண்ணைக் கண்டேன். அந்த ஏழு மாதமும் அவரைத் தனியே பராமரித்த என் தங்கச்சியிடம் அது பற்றிக் கேட்டேன். அவள் அழவில்லை. “நானா, நான் ஒருத்தி எப்படித் தூக்கிப் புரட்டுவது?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மையித்தைக் குளிப்பாட்டுவோர் அங்கு காணும் குறைகளை மறைக்க வேண்டும் என்பது நமது மார்க்கத்தின் ஒழுங்கு. அதனை நான் அறிவேன். ஆனால் நான் கண்டது என் தந்தையின் குறையன்று, எனது குறை. இன்னொரு வீட்டில் இன்னொரு மகன் அவ்வாறு நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே அதனைச் சொல்கின்றேன்.

அன்பின் சகோதரர்களே! படுக்கைப் புண் என்பது என்ன? நாம் படுத்திருக்கும்போது உடலின் பாரம் சில இடங்களில் மட்டுமே அதிகமாகத் தங்குகின்றது. எலும்பு துருத்தி நிற்கும் அவ்விடங்களில், எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தசையும் தோலும் நசுங்குகின்றன. அங்குள்ள மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்தம் செல்லாத சதை மெல்ல மெல்ல இறக்கின்றது. சுகதேகியான மனிதன் உறக்கத்திலும் தன்னையறியாமலே புரண்டு புரண்டு படுக்கின்றான். அது அல்லாஹ் நமக்குச் செய்த ஓர் அருள். பாரிசவாதம் கண்டவரும், இடுப்பெலும்பு முறிந்தவரும், நினைவிழந்தவரும், முதுமையால் தளர்ந்தவரும் அந்த அருளை இழந்து நிற்கின்றனர். அவர்களுக்காகப் புரட்டும் கைகளாக நாம் இருக்க வேண்டும்.

புண் தோன்றும் இடங்களை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பின்தலை, காதுமடல், தோட்பட்டை, முழங்கை, முள்ளந்தண்டின் அடிப்பகுதி, இடுப்பின் இருபக்க எலும்புகள், முழங்கால்களின் உட்புறம், கணுக்கால், குதிகால் ஆகியனவே அவை. இவற்றுள் முள்ளந்தண்டின் அடியும் குதிகாலும் மிகவும் ஆபத்தானவை. நீரிழிவு உள்ளவர்களுக்கும், உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்கும் வலியே தெரியாதிருக்கக் கூடும். “வாப்பா ஒன்றும் சொல்லவில்லையே” என்று இருந்துவிடுவது எத்தனை பெரிய தவறு என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இப்புண் திடீரென ஏற்படுவதில்லை; எச்சரித்த பின்னரே வருகின்றது. முதலில் தோல் சிவக்கும். அவ்விடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளிறிப் பின் சிவந்தால் இரத்த ஓட்டம் இன்னும் இருக்கின்றது. அழுத்தியும் நிறம் மாறாதிருந்தால் அதுவே முதற் கட்டம். நம்மவர்களின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அவ்விடம் ஊதா நிறமாகவோ அதிகம் கறுத்தோ இருக்கின்றதா, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கின்றதா என்பதைப் பக்கத்துத் தோலுடன் ஒப்பிட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் கொப்புளம் உண்டாகும், அல்லது மேற்றோல் உரியும். மூன்றாம் கட்டத்தில் தோல் முழுவதும் அழிந்து கொழுப்புவரை குழி விழும். நான்காம் கட்டத்தில் தசையையும் எலும்பையும் காணலாம். முதற் கட்டத்தில் பாரத்தை அகற்றினால் பெரும்பாலும் சில நாட்களில் குணமாகிவிடும். நான்காம் கட்டம் ஆற மாதங்கள், சிலவேளை அதனிலும் அதிக காலம் செல்லும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

“இதெல்லாம் தக்தீர், படுக்கையில் விழுந்தால் புண் வரத்தான் செய்யும்” என்று சிலர் சொல்வதைக் கேட்கின்றோம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஐரோப்பிய வைத்தியர்களும் ஏறக்குறைய இவ்வாறே எண்ணினர். முள்ளந்தண்டில் காயமுற்றவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறப்பது விதி என்றே கருதப்பட்டது. 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டோக் மன்டவில் வைத்தியசாலையில் அத்தகைய நோயாளிகளுக்கான பிரிவொன்றைப் பொறுப்பேற்ற வைத்தியர் லுட்விக் குட்மன் அந்த எண்ணத்தை ஏற்கவில்லை. இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்ட வேண்டும் என்பதை அங்கே கட்டாய ஒழுங்காக்கினார். இறப்பார்கள் எனக் கைவிடப்பட்டவர்கள் பலர் எழுந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தனர், தொழிலுக்குத் திரும்பினர், 1948இல் விளையாட்டுப் போட்டியிலும் கலந்துகொண்டனர். இன்றைய பராலிம்பிக் போட்டிகளின் ஆரம்பம் அதுவே. அவரது வெற்றியின் பெரும் பகுதி விலையுயர்ந்த மருந்தில் இருக்கவில்லை. தவறாது புரட்டிய கைகளில் இருந்தது. நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். முயற்சியைச் செய்த பின்னரே தவக்குல்.

இனி, வீட்டில் நாம் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கவனிப்போம்.

முதலாவது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிலையை மாற்ற வேண்டும். வலப்புறம், மல்லாந்து, இடப்புறம் என்று முறை வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது இடுப்பெலும்பின் மீது நேராகச் சாய்த்துவிடக் கூடாது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்து 30 பாகையளவில் சற்றே சரிவாக வைப்பதே சிறந்தது. இரு முழங்கால்களுக்கும் இடையில் ஒரு தலையணை இருக்கட்டும். நல்ல விசேட மெத்தை இருந்தால் இந்த இடைவெளியைக் கூட்டலாமா என்பதை வைத்தியரோ தாதியோ சொல்லட்டும். நாமாகத் தீர்மானிக்க வேண்டாம். நாற்காலியில் அமர வைக்கப்படுபவரின் பாரத்தையும் மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, ஒருபோதும் இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். இழுக்கும்போது மேற்றோல் விரிப்புடன் ஒட்டிக்கொள்ள, உள்ளே சதை நகர்கின்றது. புண்ணுக்கு அதுவே வழி திறந்துவிடுகின்றது. நான்காக மடித்த ஒரு படுக்கை விரிப்பையோ பழைய சாரத்தையோ நோயாளியின் முதுகிலிருந்து தொடைவரை விரித்து, இரு பக்கமும் இருவர் நின்று பிடித்தால் எளிதாக உயர்த்தலாம். தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் நெடுநேரம் உயர்த்தி வைத்தாலும் உடல் கீழ்நோக்கி வழுக்கும். உணவு கொடுக்கும்போது உயர்த்துங்கள். உண்டபின் சிறிது நேரம் கழித்து இறக்கிவிடுங்கள்.

மூன்றாவது, குதிகால்கள் மெத்தையில் படாதிருக்க வேண்டும். கெண்டைக்கால் முழுவதற்கும் கீழே தலையணையை நீளமாக வைத்தால் குதிகால் காற்றில் நிற்கும். நடுவில் துளையுள்ள வளைய மெத்தைகளையும், நீர் நிரப்பிய கையுறைகளையும் சிலர் பாவிக்கின்றனர். அவை பாரத்தை வேறோர் இடத்தில் குவிக்கின்றன. தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, தோல் சுத்தமாகவும் ஈரமின்றியும் இருக்க வேண்டும். தஹாரத்தை ஈமானுடன் இணைத்துப் பேசும் மார்க்கம் நம்முடையது. மலசலம் பட்ட தோல் ஊறி மென்மையாகி எளிதில் உரியும். எனவே உடனுக்குடன் மென்மையாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி ஈரம் நீக்கி, வைத்தியர் சொல்லும் பாதுகாப்புக் களிம்பைப் பூச வேண்டும். பெம்பர்ஸ் அணிவித்துவிட்டோம் என்று இரவு முழுவதும் விட்டுவிடக் கூடாது. விரிப்பின் சுருக்கம், பிஸ்கட் துகள், சட்டைப் பொத்தான், சிறுநீர்க் குழாய், நோயாளியின் கையிலிருந்து நழுவிய தஸ்பீஹ் மணிகூட உடலின் கீழே அகப்பட்டால் புண்ணுக்குக் காரணமாகலாம். புரட்டும் ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பாருங்கள்.

ஐந்தாவது, உணவு. வெறும் கஞ்சியும் தேநீரும் தோலைக் காக்கா. முட்டை, மீன், பருப்பு, பால் போன்ற புரத உணவும் போதிய நீரும் தேவை. சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாவது, செய்யக் கூடாதவை. சிவந்த இடத்தை எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். நசுங்கிய சதை மேலும் சிதையும். தோல் உரிந்த இடத்தில் ஸ்பிரிட், பற்பசை, சாம்பல் எதனையும் இடாதீர்கள். நாற்றம், சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். காற்று மெத்தை வாங்கிவிட்டால் புரட்டத் தேவையில்லை என்று எண்ணுவோரும் உளர். மெத்தை உதவி செய்யும். புரட்டுவது நமது கடமை.

பெற்றோர்களே! இளைஞர்களே! இவற்றுள் எதுவும் கடினமான வித்தையன்று. இதனை ஒருவர் தனியே செய்வதுதான் கடினம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை ஒரு மனித உடலைத் தனியே தூக்க ஒரு பெண்ணால் இயலுமா? நம் வீடுகளில் நடப்பது என்ன? மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகின்றான். இளையவன் கடையில் இருக்கின்றான். பேரப்பிள்ளைகள் ரியூஷன் செல்கின்றனர். எஞ்சியிருப்பவள் ஒரு மகள் அல்லது மருமகள். பெற்றோர் தம் பிள்ளைகளிடத்தில் முதுமையடையும்போது “சீ” என்றும் சொல்லலாகாது என்பது ஸூரா அல்-இஸ்ராவின் 23ஆவது வசனம் தரும் கட்டளை. அது பிள்ளைகள் அனைவருக்குமான கட்டளை. மருமகள் செய்வது உபகாரம். மகன் செய்ய வேண்டியது கடமை.

ஐவேளைத் தொழுகையுடன் இதனை இணைத்துக்கொண்டால் மறதி வராது என்று நினைக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். நமது நாட்டில் சுபஹுக்கும் ளுஹருக்கும் இடையே ஏறத்தாழ ஏழு மணித்தியாலங்கள் உள்ளன. இஷாவுக்கும் சுபஹுக்கும் இடையே அதனிலும் அதிகம். பெரும்பாலான புண்கள் உருவாக அந்த இடைவெளிகளே போதும். ஆகையால் தொழுகை நேரங்களை அடையாளமாகக் கொண்டு, இடைப்பட்ட நேரங்களுக்கு ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நேரம், எந்தப் பக்கம், யாருடைய முறை என்ற மூன்று நிரல்கள் போதும். நள்ளிரவுவரை கையடக்கத் தொலைபேசியுடன் விழித்திருக்கும் தம்பிமாரே, 10 மணியும் 12 மணியும் உங்களுடையவை. தஹஜ்ஜுதுக்கு எழும்புகின்றவர்களே, 4 மணி உங்களுடையது. எஞ்சியிருப்பது 2 மணி மட்டுமே. அதனை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். அந்தப் பெண் ஓர் இரவாவது உறங்கட்டும்.

வெட்கம் ஒரு தடையாக இருப்பதை நான் அறிவேன். வெட்கம் ஈமானின் ஒரு பகுதி. ஆகவே போர்வையால் மறைத்தே அனைத்தையும் செய்யுங்கள். இயன்றவரை வாப்பாவைக் கழுவுவதை ஆண்மக்களும், உம்மாவைக் கழுவுவதைப் பெண்மக்களும் ஏற்கட்டும். வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடமளிக்கின்றது. ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். ஆனால் உம்மாவைப் போர்வையுடன் தூக்கிப் பக்கம் மாற்றுவதற்கு மகனுக்கு என்ன தடை?

கிப்லாவை நோக்கியே எந்நேரமும் படுக்க வைக்க வேண்டும் என்று எண்ணி, ஒரே பக்கமாக நாட்கணக்கில் வைத்திருப்போரும் உண்டு. கிப்லா தொழுகைக்குரியது. மற்ற நேரங்களில் உடலுக்குத் தேவையான பக்கம் திருப்புவதில் தவறில்லை. நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் விலாப்புறமாகப் படுத்தும் தொழுமாறு இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை புகாரியில் காண்கின்றோம். நோயாளிக்கு அல்லாஹ் இலகுவாக்கியதை நாம் கடினமாக்கலாமா?

நலம் விசாரிக்கச் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. நோயாளியைச் சந்திப்பது பெரும் நன்மை. ஆனால் விருந்தினர் அமர்ந்திருக்கும்போது, மரியாதை கருதி வீட்டார் நோயாளியைப் புரட்டாமல் காத்திருக்கின்றனர். ஒருவர் போக மற்றவர் வர, அரை நாள் கழிந்துவிடும். ஆகவே சிறிது நேரமே இருங்கள். “புரட்டும் நேரமாகிவிட்டதா? நானும் ஒரு பக்கம் பிடிக்கின்றேன்” என்று கேளுங்கள். கொண்டு செல்வது பிஸ்கட் பெட்டியாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு தலையணை, இரண்டு விரிப்புகள், ஒரு தட்டு முட்டை என்பனவும் ஹதியாதான். பள்ளிவாசல் நிர்வாகங்கள் சில காற்று மெத்தைகளையும் சக்கர நாற்காலிகளையும் வக்ஃபாக வைத்திருந்து, தேவையுள்ள வீடுகளுக்கு இரவல் கொடுத்தால் அது நிலையான ஸதகாவாகும்.

“வேதனையில் இருப்பவரை இன்னும் வேதனைப்படுத்துவதா?” என்று கேட்போரும் உண்டு. புரட்டும்போது சிறிது வலிக்கலாம். புரட்டாமல் விட்டால் வரும் வலி அதனிலும் பன்மடங்கு. வலி கடுமையாயின், புரட்டுவதற்கு முன்னர் கொடுக்கத்தக்க மருந்தை வைத்தியரிடம் கேளுங்கள். இறுதி நாட்களை அடைந்த ஒருவருக்கு எந்த அளவு புரட்டுவது என்பதையும் அவரே சொல்லட்டும்.

இறுதியாக, இரவு பகலாகப் பாடுபட்டும் புண் வந்துவிட்ட வீட்டாருக்கு ஓர் ஆறுதல். சுப்பர்மேன் திரைப்படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்தார். செல்வமும் சிறந்த தாதியரும் அவருக்கு இருந்தனர். ஆயினும் 2004 ஒக்டோபரில் மரணிக்கும் வேளையில், கிருமி தொற்றிய ஒரு படுக்கைப் புண்ணுக்காகவே அவர் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். முழு முயற்சிக்குப் பின்னரும் சிலருக்கு இது வரலாம். எனவே பராமரித்தவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். போர்வையை விலக்கிப் பார்க்காதவனுக்கு அவளைக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. என் தங்கச்சியிடம் நான் பின்னர் மன்னிப்புக் கேட்டேன். வாப்பாவிடம் கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கின்றது. இந்த வெள்ளிக்கிழமை ஸூரா அல்-கஹ்ஃபின் 18ஆவது வசனத்தை ஓதி முடித்ததும், கிதாபை மூடிவைத்துவிட்டு எழுந்து செல்லுங்கள். உம்மாவின் போர்வையை மெல்ல விலக்கி முதுகையும் குதிகாலையும் பாருங்கள். பிஸ்மில்லாஹ் என்று சொல்லி, இருவராகத் தூக்கி, மறுபக்கம் படுக்க வையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண சுகத்தையும், அவர்களைத் தாங்குவோருக்குப் பலத்தையும் பொறுமையையும் தந்தருள்வாயாக! சிறுவயதில் எங்களைத் தூக்கி வளர்த்த கரங்களைத் தளர்ந்த வேளையில் தாங்கும் பாக்கியத்தை எங்களுக்கு அளிப்பாயாக! நாங்கள் தவறவிட்டவற்றை மன்னிப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.